மனக்காயச் சிகிச்சையில் சாமிக்கு என்ன வேலை? கரையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தங்கச்சிமடத்துக்காரி, மனநல ஆலோசகர். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையோர ஊர்களில் உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அந்த இரண்டு மாதம்தான் என்னிடம் ஆள் அதிகம் வரும். விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும்போதுதான் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க முழித்திருப்பது வீட்டில் தெரியவருகிறது. புயலில் மாட்டியவர்கள், கூட வந்தவரைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பியவர்கள், இலங்கைச் சிறையில் இருந்து வந்தவர்கள், படகேறி அகதியாக வந்தவர்கள், வீட்டுக்குள்ளேயே அடிபட்ட பெண்கள். ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் சாமியைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விகள்தான் கீழே இருப்பவை. ஆட்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

சாமி கும்பிட்டாலே சரியாகிவிடாதா? எதற்குக் கவுன்சிலிங்?

பலருக்குச் சரியாகிவிடும், நிஜமாகத்தான் சொல்கிறேன். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சில வாரம் தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும், சோறு இறங்காது. வீட்டு மனிதர்கள், வேலை, கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் சேர்ந்து பெரும்பாலானவர்களைத் தூக்கி நிறுத்திவிடுகின்றன. அவர்களை முதல் வாரத்திலேயே தேடிப்பிடித்து உட்காரவைத்து "என்ன நடந்தது, முழுசாச் சொல்லு" என்று கிளறுவது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

ஆனால் ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி நடுச்சாமத்தில் கண்ணெதிரே வந்து நிற்கிறது, அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார், குக்கர் விசிலுக்குத் துள்ளுகிறார், பெற்ற பிள்ளையைத் தூக்கினாலும் மனசு மரத்துக் கிடக்கிறது என்றால் அது 1980-இல் இருந்து மருத்துவம் பெயர் வைத்துப் பார்க்கிற ஒரு நோய், பி.டி.எஸ்.டி., பேரதிர்ச்சிக்குப் பின் வருகிற மனநோய். அதற்கென்று பலன் தரும் பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. சிலருக்கு செர்ட்ராலின் மாதிரி மாத்திரையும் வேண்டியிருக்கும். கும்பிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, இதையும் சேர்த்துச் செய்யுங்கள் என்கிறோம்.

அப்படியென்றால் நீங்கள் எங்களோடு சேர்ந்து செபம் பண்ணுவீர்களா?

மாட்டேன். திருநீறு பூசமாட்டேன், ஓதிப் பார்க்கவும் மாட்டேன். அதற்கு ஊரில் ஆள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகச் செய்வார்கள். நான் கேட்பேன். "ரொம்பக் கஷ்டமான நேரத்துல யாரைக் கூப்பிடுவீங்க?" "இது நடந்த பிறகு அப்படிக் கூப்பிடுறது மாறியிருக்கா?" "கோயிலுக்கோ பள்ளிக்கோ போய்ட்டு வந்தா மனசு லேசாகுதா, கனமாகுதா?" மூன்றாவது கேள்விக்குப் பலர் உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு "கனமாத்தான் இருக்கு" என்பார்கள், சொன்னதும் ஏதோ தெய்வக்குற்றம் செய்துவிட்ட மாதிரி என் முகத்தைப் பார்ப்பார்கள்.

உலக மனநல மருத்துவர் சங்கம் 2016-இல் இதைப் பற்றி ஒரு நிலைப்பாடு வெளியிட்டது. நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் மருத்துவர் தன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு மதத்தையும் பரப்பக்கூடாது, மதமில்லாத பார்வையையும் பரப்பக்கூடாது என்பது அதன் சாரம். இரண்டாவதை நம்மில் படித்தவர்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். "இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், அந்தப் பாட்டி அடுத்த முறை வரமாட்டார். சாமியைக் கூட்டி வருவதா, வாசலில் விட்டுவிட்டு வருவதா என்பது உங்கள் முடிவு. எனக்கு அதில் வாக்கு இல்லை.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் சொன்ன வரிசையைத்தான் நாங்களும் பெரும்பாலும் பின்பற்றுகிறோம்: முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைத்து அழுவது, அதற்கப்புறம் மறுபடி மனிதர்களோடு சேர்வது. "கடவுள் ஏன் எனக்கு இப்படிச் செய்தார்" என்பது இரண்டாம் கட்டத்துக் கேள்வி. இன்னும் வீட்டில் அடி விழுந்துகொண்டிருக்கிற ஒரு பெண்ணிடம் அதைப் பேசுவதைவிட பெண்கள் உதவி எண் 181-க்கு எப்படிப் போன் போடுவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் உருப்படியான வேலை.

தியானம் செய்தால் நெஞ்சு இன்னும் படபடக்கிறது. என்னிடம்தான் ஏதோ கோளாறா?

கோளாறு உங்களிடம் இல்லை, அந்த முறை உங்களுக்குப் பொருந்தவில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்பது எல்லோருக்கும் பொதுவான மருந்து மாதிரி சொல்லப்படுகிறது. தண்ணீரில் மூழ்கித் திணறி உயிர் பிழைத்தவருக்கு மூச்சைக் கவனிப்பது என்றால் என்ன? அந்த நிமிஷத்துக்கே மறுபடி போவதுதான். கண்ணை மூடினால் இருட்டு, இருட்டில் அலை. மூச்சை அடக்கும் பிராணாயாமம் இன்னும் மோசம். பத்து நாள் மௌன முகாமுக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடமும் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், காயம் ஆறாத நிலையில் பத்து நாள் தன் மனசோடு தனியாக அடைந்து கிடப்பது பலருக்குத் தாங்காது.

இதேபோல ராமேசுவரத்தில் 22 தீர்த்தம் ஆடினால் பீடை கழியும் என்று வீட்டார் கூட்டிப் போவார்கள். வாளியில் இறைத்துத் தலையில் படபடவென்று ஊற்றுகிற தண்ணீர் சாதாரண ஆளுக்குச் சுகம். முகத்தில் தண்ணீர் விழுந்து மூச்சு நின்ற அனுபவம் உள்ளவருக்கு ஆறாவது கிணற்றிலேயே நடுக்கம் எடுத்துவிடும். அப்படி ஒருத்தரைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் "சாமி வந்துருச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்களாம். போக வேண்டுமென்றால் போங்கள், கையால் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், அதுவும் தீர்த்தம்தான்.

சரி, என்ன செய்யலாம்? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை மணலில் ஊன்றி, கையில் எதையாவது பிடித்துக்கொண்டு தொடங்கலாம். கிழிந்த வலையைச் சரிசெய்யும்போது கை தானாக ஒரு தாளத்தில் ஓடும் பாருங்கள், அதுகூட நல்ல தொடக்கம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மனசைத் தளர்த்தும் பயிற்சியை அந்தந்த மக்களின் சொற்களிலேயே கொடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார்: சைவர்களுக்கு அவர்கள் சொல்லும் மந்திரம், கத்தோலிக்கருக்கு அவர்கள் செபம், முஸ்லிம்களுக்கு அவர்கள் திக்ரு, அதாவது இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது. மண்டபம் அகதி முகாமில் வயசான அம்மாக்களிடம் பேசும்போது எனக்குக் கைகொடுத்ததும் அதுதான். நள்ளிரவில் படகோட்டி கடல் நடுவே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போன கதையைச் சொல்லும்போது அவர்களுக்கு வேர்க்கும். "அன்னிக்கு ராத்திரி என்னம்மா சொல்லிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டால் சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள், "முருகா, முருகா" என்று. அந்தச் சொல்லையே மெதுவாக, மூச்சு வெளியே போகும் நேரம் நீளும்படி சொல்லப் பழக்கலாம். நான் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. ஒரு எச்சரிக்கை, அந்தச் சொல்லே பயத்தோடு ஒட்டிப்போயிருந்தால் விட்டுவிட்டு வேறு தேட வேண்டும்.

கடல் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. செபமாலையைப் பிடித்துக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பயந்த இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பப் போவது சிகிச்சையில் ஒரு முக்கியமான பகுதி. முதலில் அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் தென்னைமரத்தடி, அப்புறம் படகுகள் தெரிகிற இடம், அப்புறம் ஈரமணல், கரையில் கட்டிய வல்லத்தில் ஏறி உட்காருவது, கடைசியாகத்தான் இன்ஜின் போட்டுப் போவது. ஒவ்வொரு இடத்திலும் பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்போம், அது தானாக இறங்கும்வரை இருக்கச் சொல்வோம். பயம் தானாக இறங்குகிறது என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும்.

நடுங்கும்போது தாங்கிக்கொள்ள ஒரு கையில் பிடிக்கிற செபமாலை இதற்கு உதவும். நடுக்கமே தெரியக்கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வேகவேகமாக உருட்டுகிற செபமாலை கெடுத்துவிடும், ஏனென்றால் கடலுக்கு முன்னால் நின்றும் நீங்கள் கடலைப் பார்க்கவே இல்லை. பிழைத்ததற்குக் காரணம் மாலைதான் என்று மனசு கணக்குப் போட்டுவிடும், மாலை இல்லாத நாளில் பயம் இரட்டிப்பாகும். பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா இதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஒரு 'அருள் நிறைந்த மரியே', ஏறிய பிறகு ஒன்று, நடுவில் கடல் மட்டும். இதை நான் சொல்லிக்கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. திதி கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

இந்தக் கரையில் மிகக் கஷ்டமான கேள்வி இதுதான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் பயணிகள் ரயிலையே அலை அடித்துக்கொண்டு போனதே, அன்று போனவர்களில் எத்தனையோ பேரின் உடல் கிடைக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு அப்புறமும் "எங்க மாமா எங்கயாச்சும் கரை ஒதுங்கியிருப்பாரு" என்று சொல்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இருந்து இதைத் தனி வகைத் துக்கமாகவே எழுதிவருகிறார்: ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்றும் சொல்ல முடியாது. மனசு உறைந்துபோவது பலவீனத்தால் இல்லை, நிலைமையே அப்படிப்பட்டது. அவர் சொல்லும் வழி, இரண்டில் ஒன்றை முடிவுசெய்யச் சொல்லி நெருக்காமல் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளப் பழகுவது. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

7 வருஷம் ஒருவரைப் பற்றி யாரும் கேள்விப்படாவிட்டால் இறந்ததாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கடன், சொத்து, பிள்ளைகளின் படிப்பு இதற்கெல்லாம் அந்தக் காகிதம் தேவைப்படும், வாங்குங்கள், வாங்குவதால் அவரை நீங்கள் சாகடித்ததாக ஆகாது. திதியும் தாலியும் வேறு கணக்கு. மாமியார் வீடு ஒன்று சொல்லும், தாய்வீடு ஒன்று சொல்லும், ஜமாத்திலோ பங்கிலோ இன்னொன்று சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், தேதியை நீங்கள் குறியுங்கள். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் மற்றவர்கள் தர்ப்பணம் கொடுக்கும்போது ஒரு மதினி கொஞ்சம் தள்ளி நின்று கடலைப் பார்த்து, "இருந்தா பத்திரமா இருங்க, இல்லைன்னா நிம்மதியாப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எள்ளும் இல்லை தண்ணீரும் இல்லை. அந்த வருஷம்தான் அவர் ராத்திரி வாசற்கதவைத் தாழ் போட்டுத் தூங்கத் தொடங்கினார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்கு வாரம் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். "இன்னுமா நம்புற?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள்.

அழுதால் ஈமான் குறைவு, விசுவாசம் குறைவு என்று அதட்டுபவர்களுக்கு ஒன்று. மகன் யூசுஃபைக் காணாமல் யஃகூப் நபி கண் வெளுக்கும்வரை அழுதார். அவருக்கா ஈமான் குறைவு? பைபிளில் அதே யாக்கோபு, யார் தேற்றியும் தேறமாட்டேன் என்கிறார்.

"சாமி தண்டிச்சிருச்சு" என்றே தோன்றுகிறது. கோபமும் வருகிறது. பாவமா?

தண்டனை என்ற எண்ணத்தைத்தான் நான் கூர்ந்து கவனிப்பேன். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் நம்பிக்கையை வைத்து மக்கள் துன்பத்தைச் சமாளிக்கும் விதங்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். கடவுள் கூட இருக்கிறார், ஊர் கூட இருக்கிறது என்கிற வகை தாங்கிப்பிடிக்கிறது. கடவுள் கைவிட்டார், தண்டித்தார், இது பேயின் வேலை என்கிற வகை காயத்தை இன்னும் ஆழமாக்குகிறது. ஒரே கோயிலில் ஒரே வரிசையில் நிற்கிற இரண்டு பேருக்குள் இந்த இரண்டும் ஓடலாம். வெளியே பார்த்தால் இருவரும் பக்திமான்கள்.

கோபம் வேறு. கோபப்படுபவர் இன்னும் பேச்சுவார்த்தையை முறிக்கவில்லை. கண் போனதும் சுந்தரர் திருவாரூரில் சிவனை எப்படித் திட்டினார் என்று கேட்டுப் பாருங்கள், அதைப் பதிகமாகவே வைத்திருக்கிறோம். "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் சங்கீதத்தில் இருக்கிற செபம்தான். நம் ஊர் ஒப்பாரியில் சாமிக்கு விழாத வசவா? வாய்விட்டுத் திட்டத் தெரிந்த அந்தக் கிழவிகளைவிட, "எல்லாம் அவன் செயல்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு ராத்திரி குடிக்கிற மகனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கடலில் அவர் கையை விட்டது நான்தான். இதற்குக் கவுன்சிலிங்கில் என்ன இருக்கிறது?

பயத்துக்குச் செய்யும் சிகிச்சை இதற்கு மட்டும் போதாது. அமெரிக்கப் படைவீரர்களிடம் வேலை செய்தவர்கள் இதைத் தார்மீகக் காயம் என்றார்கள். நடந்ததைவிட, நடந்ததில் தன் பங்கு என்ன என்பதுதான் ஆளை அரிக்கும். "உன் மேல தப்பில்லப்பா" என்று எல்லோரும் சொல்வார்கள், அவர் காதில் ஏறாது. நான் அவசரப்பட்டு அதைச் சொல்வதில்லை. அன்று காற்று எப்படி, இருட்டா, கை எவ்வளவு நேரம் தாங்கியது என்று நிமிஷம் நிமிஷமாக அவரோடு போய்ப் பார்ப்பேன். பாதிக்கு மேல் பழி அங்கேயே கழன்றுவிடும். மிச்சம் இருப்பது உண்மையான பழியாகவும் இருக்கலாம், தண்ணி போட்டுவிட்டுப் படகு ஓட்டியிருக்கலாம். அதற்கு மதங்களிடம் இருக்கிற அளவுக்கு என் பாடத்தில் வழி இல்லை: பாவசங்கீர்த்தனம், தவ்பா, பிராயச்சித்தம். அவர் விரும்பினால் ஃபாதரிடமோ ஆலிமிடமோ போகச் சொல்வேன், கூடவே இறந்தவர் வீட்டுக்குச் செய்ய வேண்டியது என்ன என்றும் பேசுவோம். ஒருவர் ஐந்து வருஷமாக, தன் மீன்பாட்டு வருமானத்தில் ஒரு பங்கை யாருக்கும் சொல்லாமல் அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஒதுக்குகிறார்.

பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாமா?

பேய் உண்டா இல்லையா என்று நான் வாதாடுவதில்லை, அதில் ஜெயித்து யாருக்கு என்ன லாபம்? எப்போது தொடங்கியது, அதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது என்று கேட்பேன். தாங்க முடியாததை அனுபவித்த மனசு சில நேரம் அங்கிருந்து விலகிப்போய்விடும். குரல் மாறும், ஆள் மாறின மாதிரி பேசுவார்கள், பிறகு நினைவே இருக்காது. வாயால் சொல்ல முடியாத மருமகள் பேயின் வாயால் சொல்கிறாள் என்றும் பார்க்கலாம். என்ன சொல்கிறாள் என்று யாராவது கேட்டால் சரி.

தர்காவுக்குப் போவதில் எனக்கு மறுப்பு இல்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் போவது, அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது, கட்டிப்போடுவது இதில்தான் மறுப்பு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் எரிந்து செத்தார்கள். 2017 மனநலச் சட்டத்தின்படி எந்த வடிவத்திலும் சங்கிலி போடுவது குற்றம். குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் தொடங்கிய முறையைப் போல, மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே போகும்படி ஏர்வாடியிலும் மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது. எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. லெப்பை ஓதட்டும், டாக்டர் பார்க்கட்டும், யாரும் யாரையும் விரட்ட வேண்டாம்.

செய்தவனை மன்னித்தால்தான் நிம்மதி வரும் என்கிறார்கள்.

யார் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் விஷயம் வெளியே வரக்கூடாது என்று நினைப்பவர்கள். மன்னிக்காமலேயே குணமான பலரை எனக்குத் தெரியும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும், அங்கே மன்னிப்புப் பேச்சுக்கே இடமில்லை, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். செய்தவரே சாமியார், போதகர், ஓதிக்கொடுப்பவர் என்றால் நான் ஆன்மிகத்தைத் தொடவே மாட்டேன். சாம்பிராணி வாசனையே அந்தப் பிள்ளைக்கு நெஞ்சை அடைக்கும். வழிபாட்டுக்கு வா என்று வற்புறுத்தாமல் இருப்பதுதான் வீட்டார் செய்யக்கூடிய உதவி.

நான் நாத்திகன். எனக்கு இதில் என்ன?

ஒன்றும் இல்லாவிட்டாலும் சிகிச்சை முழுசாக நடக்கும். பெரியார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நல்லபடியாகத் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கிறிஸ்தவர், நான் முஸ்லிம். புரியுமா?

புரியாததைக் கேட்டுக்கொள்வேன். கீழக்கரையில் ஒரு லாத்தா (முஸ்லிம் அக்கா), கணவர் இறந்த பிறகு வீட்டோடு இருக்கிற இத்தா நாலு மாசம் பத்து நாள் தனக்கு எப்படி ஓய்வாக இருந்தது என்று சொன்னபோதுதான், அதை வெறும் அடைப்பாக நினைத்திருந்த என் புத்தி மாறியது. இன்னொரு பெண்ணுக்கு அதே நாட்கள் மூச்சு முட்டின. அதனால்தான் மதத்தைக் கேட்பதைவிட ஆளைக் கேட்கிறேன்.

எங்கே போவது? செலவாகுமா?

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துவிடலாம் என்று தோன்றினால் அமாவாசை, வியாழக்கிழமை, ஞாயிறு பூசை எதற்கும் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

நடுவில் வராமல் நின்றுவிட்டால் கோபித்துக்கொள்வீர்களா?

ஜூன் 15 வந்தால் என் ஆட்களில் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், கோபித்து என்ன செய்ய. ஒரு அண்ணன் இரண்டு தடைக்காலம் கழித்து ஒரு பை நண்டோடு வந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு லேசாகுதா கனமாகுதான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நான் பதிலே சொல்லாமப் போயிட்டேன்" என்று தொடங்கினார்.